எழுதினவர் எதற்காக எழுதினார், நடுவில் கிராமர் எதற்கு? ஹைஸ்கூல் ஆங்கிலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்பதாவதில் இருந்து பிளஸ் டூ வரை மாலை நேரத்தில் ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். வருஷா வருஷம் பிள்ளைகள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. பாதி பிள்ளைகள் கேட்பது, மீதி வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடி அம்மா அப்பாக்கள் கேட்பது. எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் எழுதிவைக்கிறேன். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே போட்டிருக்கிறேன், அதனால் வாய்விட்டுப் படியுங்கள். கண்ணால் மட்டும் படித்தால் தலை சுற்றும்.

‘ஆத்தர்ஸ் பர்ப்பஸ்’ என்றால் என்ன?

எழுதினவர் இதை எதற்காக எழுதினார் என்பது, அவ்வளவுதான். இதை ‘ஆசிரியரின் நோக்கம்’ என்று மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன், ஒரு பையன் எழுந்து “எங்களை ஃபெயில் ஆக்குறதுதானே மிஸ்?” என்றான். அன்றிலிருந்து ‘எழுத்தாளர்’ என்றே சொல்கிறேன்.

அமெரிக்கப் பள்ளிகளில் இதை மூன்றாகப் பிரித்துச் சொல்லித்தருவார்கள்: பெர்சுவேட், இன்ஃபார்ம், என்டர்டெயின். அதாவது இணங்க வைப்பது, தகவல் சொல்வது, ரசிக்க வைப்பது. முதல் எழுத்துகளைச் சேர்த்தால் ‘பை’, அவர்கள் ஊர்ப் பலகாரத்தின் பெயர். ஆறாம் வகுப்புக்கு இது போதும். ஒன்பதாவதுக்கு மேல் போதாது. ஏனென்றால் ஹைஸ்கூலில் வரும் கட்டுரைகள் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வேலை பார்க்கும். சிரிக்க வைத்துக்கொண்டே குத்தும், தகவல் சொல்கிற சாக்கில் உங்கள் மனதை மாற்றும்.

பாடம் எதைப் பற்றியது என்று எழுதினால் மார்க் குறைக்கிறார்கள், ஏன்?

‘எதைப் பற்றி’ வேறு, ‘எதற்காக’ வேறு. தேனீக்களைப் பற்றி ஒரு பத்தி கொடுத்தால் பத்தில் எட்டுப் பேர் “தி ஆத்தர் டாக்ஸ் அபௌட் பீஸ்” என்று எழுதிவைக்கிறார்கள். அது தலைப்பு. பூச்சிமருந்து அடித்தால் தேனீ சாகும், தேனீ செத்தால் மகரந்தச் சேர்க்கை குறையும், காய்ப்பு குறையும் என்று அந்தப் பத்தி சொல்கிறது என்றால், அது மையக் கருத்து. அதைப் படிக்கிற விவசாயி மருந்தடிக்கும் முன் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். எனவே பதிலை ஒரு வினைச்சொல்லில் தொடங்குங்கள்: டு வார்ன், டு கிரிட்டிசைஸ், டு எக்ஸ்ப்ளெயின், டு பெர்சுவேட். வினைச்சொல் இல்லையென்றால் நீங்கள் இன்னும் தலைப்பிலேயே நிற்கிறீர்கள்.

நோக்கமும் டோனும் ஒன்றா?

இல்லை. காலையில் ஒன்பது மணிக்கு எழுந்துவரும் மகனைப் பார்த்து அம்மா “வாங்க மகாராஜா, எழுந்துட்டீங்களா?” என்கிறார். தொனி மரியாதை, நோக்கம் திட்டுவது. ‘வாங்க’வில் இருக்கிற அந்த ‘ங்க’ மரியாதைக்காக வந்ததில்லை என்று அவனுக்கும் தெரியும். இதைப் புரிந்துகொள்கிற பிள்ளைக்கு ஐரனி (ஒன்றைச் சொல்லி வேறொன்றைக் குறிப்பது), சார்கஸம் (குத்தலான கிண்டல்) எல்லாம் தனியாக நடத்தத் தேவையே இல்லை.

எழுத்தாளர் எங்கேயும் நோக்கத்தைச் சொல்வதில்லையே, நாம் எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்கு நான் எப்போதும் எடுப்பது ஒரே உதாரணம். 1729ஆம் ஆண்டு அயர்லாந்தில் வறுமை தலைவிரித்தாடுகிறது. தெருவில் எங்கு பார்த்தாலும் குழந்தைகளோடு பிச்சையெடுக்கும் தாய்மார்கள். அந்த நேரத்தில் டப்ளினில் பெயர் போடாமல் ஒரு சிறு வெளியீடு வருகிறது, தலைப்பு ‘எ மாடஸ்ட் ப்ரபோசல்’. எழுதியது ஜோனதன் ஸ்விஃப்ட், அங்கே தேவாலயத் தலைமைக் குருவாக இருந்தவர். அதில் அவர் சொல்கிற யோசனை என்ன தெரியுமா? ஏழைகளின் குழந்தைகளை ஒரு வயது வரை நன்றாகப் பாலூட்டி வளர்த்து, பணக்காரர்களின் சாப்பாட்டு மேஜைக்கு விற்றுவிடலாம் என்பதுதான். கணக்கு வேறு போடுகிறார். வருஷத்துக்கு 1,20,000 ஏழைக் குழந்தைகள், இனப்பெருக்கத்துக்கு 20,000 பேரை ஒதுக்கிவிட்டு மீதி 1,00,000 பேரை விற்கலாம்.

முதல் தடவை இதை வகுப்பில் சொன்னபோது ஒரு பெண் முகம் சுளித்து, “நிஜமாவா மிஸ் சொல்றாரு?” என்று கேட்டாள். எனக்கு வேண்டியது அந்தக் கேள்விதான். சொல்கிற விஷயமும் சொல்கிற விதமும் ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கும்போது, நோக்கம் அந்த இடைவெளிக்குள் ஒளிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யோசனையைச் சொல்லும் முன் அவர் எழுதுகிற வாக்கியத்தைப் பாருங்கள்: “ஐ ஷல் நவ் தேர்ஃபோர் ஹம்ப்ளி ப்ரபோஸ் மை ஓன் தாட்ஸ், விச் ஐ ஹோப் வில் நாட் பி லயபிள் டு தி லீஸ்ட் அப்ஜெக்‌ஷன்.” ‘தேர்ஃபோர்’ போட்டு, தர்க்கத்தின் முடிவு போலக் காட்டுகிறார். ‘ஹம்ப்ளி’ போட்டுப் பணிவு காட்டுகிறார். யாருக்கும் துளி ஆட்சேபம் இருக்காது என்று நம்புகிறாராம். ஓர் இணைப்புச்சொல்லும் ஒரு வினையடையும் இந்த வேலையைச் செய்கின்றன. குழந்தையைத் தின்பது அவர் நோக்கமா? ஏழையை மனிதனாகவே பார்க்காமல் எண்ணிக்கையாகப் பார்க்கிற நிலச்சுவான்தார்களையும் இங்கிலாந்து ஆட்சியையும் வெட்கப்பட வைப்பதுதான் நோக்கம்.

கிராமரை ஒரு நோட்டிலும் பாடத்தை இன்னொரு நோட்டிலும் வைத்துப் படிக்காதீர்கள் என்று நான் கத்திக்கொண்டே இருப்பது இதனால்தான்.

ஆக்டிவ், பாசிவ் மாற்றத் தெரிகிறது. ஆனால் எதற்காக மாற்றுகிறோம்?

யாரும் சொல்லித்தராமலே உங்களுக்குத் தெரியும். அடுக்களையில் டம்ளர் விழுந்த சத்தம் கேட்டு அம்மா “என்னடி அங்க?” என்று கேட்டால், எந்தப் பிள்ளையாவது “நான் டம்ளரை உடைச்சிட்டேன்” என்று சொல்லியிருக்கிறதா? “டம்ளர் உடைஞ்சிருச்சும்மா.” டம்ளர் தானாகவே முடிவெடுத்து உடைந்த மாதிரி! (இலக்கண சுத்தமாகப் பார்த்தால் இது செயப்பாட்டுவினை, அதாவது பாசிவ், ஆகாது, ‘உடைக்கப்பட்டது’ என்றால்தான் ஆகும். ஆனால் இரண்டும் பார்க்கிற வேலை ஒன்று: செய்தவர் பெயரை எடுத்துவிடுவது.)

பெரியவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். 1987 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ரீகன், ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரம் பற்றி நாடாளுமன்றத்தில் பேசும்போது “சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்” என்றார். பெரிய தவறுகள் செய்யப்பட்டன. யாரால்? ‘பை’ போட்டு ஒரு பெயர் வர வேண்டிய இடம் காலி. பரீட்சையில் உங்களிடம் வாக்கியத்தை மாற்றச் சொல்கிறார்கள் இல்லையா, வீட்டில் படிக்கும்போது கூடவே அந்தக் காலி இடத்தில் யார் இருந்திருப்பார் என்றும் ஒரு முறை யோசித்துப் பாருங்கள்.

அதற்காகப் பாசிவ் என்றாலே திருட்டுத்தனம் என்று முடிவுகட்ட வேண்டாம். லேப் ரெக்கார்டில் ‘தி சொல்யூஷன் வாஸ் ஹீட்டெட்’ என்று எழுதுகிறோம், சூடாக்கியது யார் என்பது அங்கே யாருக்கும் தேவையில்லை. ‘நாளை மின்விநியோகம் நிறுத்தப்படும்’ என்ற அறிவிப்பிலும் அப்படித்தான், எத்தனை மணிக்கு என்று தெரிந்தால் மாவு அரைத்துவைத்துவிடலாம்.

ப்ரெபொசிஷன் மனப்பாடமே ஆகமாட்டேன் என்கிறது. வழி உண்டா?

பாதிக்கு வழி உண்டு, மீதி மனப்பாடம்தான். தமிழில் பெயருக்குப் பின்னால் ஒட்டுகிற வேற்றுமை உருபு செய்யும் வேலையை ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் தனியாக நிற்கிற சொல் செய்கிறது. 1863 நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பர்க் போர்க்களத்து மயான வளாகத்தில் அமெரிக்க அதிபர் லிங்கன் பேசியது ஏறக்குறைய 270 சொற்கள்தான், அவருக்கு முன் பேசியவர் இரண்டு மணி நேரம் பேசியிருந்தார். லிங்கன் முடித்த இடம் எல்லோருக்கும் தெரியும்: ‘ஆஃப் தி பீப்பிள், பை தி பீப்பிள், ஃபார் தி பீப்பிள்’. மக்களுடைய, மக்களால், மக்களுக்காக. ஆறாம் வேற்றுமை, மூன்றாம் வேற்றுமை, நான்காம் வேற்றுமை. பெயர்ச்சொல் மூன்று இடத்திலும் அதேதான், மாறுவது இரண்டு மூன்று எழுத்துச் சின்னச் சொல் மட்டும். அந்தப் பேச்சின் நோக்கமே அந்தச் சின்னச் சொற்களில்தான் உட்கார்ந்திருக்கிறது.

உள்ளூர் உதாரணம் வேண்டுமென்றால் ஆடித் தள்ளுபடி போர்டைப் பாருங்கள். ‘50%’ என்பது பத்தடி தள்ளி நின்றாலும் தெரியும், அதற்கு மேலே ‘அப் டு’ என்பது எறும்பு அளவுக்கு இருக்கும். அந்த ‘அப் டு’வை எடுத்துவிட்டால் கடைக்காரர் எல்லாத் துணியையும் பாதி விலைக்குத் தர வேண்டும்!

மீதியை மனப்பாடம் செய்யுங்கள் என்றேனே, அது ‘மேரீட் டு’ (வித் கிடையாது), ‘டிஸ்கஸ்’ (பின்னால் அபௌட் கிடையாது), ‘குட் அட்’ மாதிரியான ஆட்கள். இவற்றுக்குக் காரணம் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

எங்கே ‘எ’, எங்கே ‘ஆன்’?

தமிழில் ‘ஓர் ஊர்’, ‘ஒரு நகரம்’ என்று படித்தீர்களே, அதே விதிதான். உயிர் ஒலிக்கு முன் ஓர், மெய் சேர்ந்து வந்தால் ஒரு. ஆங்கிலத்திலும் எழுத்தைப் பார்க்கக் கூடாது, காதால் கேட்க வேண்டும். ‘ஆன் அவர்’, ஏனென்றால் அங்கே எச் வாயைத் திறப்பதே இல்லை. ‘எ யுனிவர்சிட்டி’, ஏனென்றால் ‘யு’ என்ற ஒலியில் தொடங்குகிறது. ‘ஆன் எம்எல்ஏ’வும் அப்படித்தான், ‘எம்’ என்று சொல்லும்போது வாயில் முதலில் வருவது ‘எ’. ‘தி’தான் கஷ்டம், தமிழில் அதற்கு நேர் சொல் கிடையாது. கேட்கிறவருக்கு எது என்று ஏற்கெனவே தெரியும் என்றால் ‘தி’ போடுங்கள். கதையில் முதல் வரியில் ‘எ மேன்’, இரண்டாம் வரியில் ‘தி மேன்’. முதல் வரியிலேயே ஒரு கதாசிரியர் ‘தி மேன்’ என்று தொடங்கினால், கதை நடுவில் உங்களைத் தூக்கிப் போடுகிறார் என்று அர்த்தம்.

‘டிட் நாட் வென்ட்’ ஏன் தப்பு? நடந்து முடிந்த விஷயம்தானே?

‘போகவில்லை’ என்கிறோம். ‘போனவில்லை’ என்று யாராவது சொல்வோமா? அவ்வளவுதான் பதில். ‘டிட்’ இறந்தகாலத்தைச் சுமந்துவிட்டது, பக்கத்தில் இருக்கிற வினை சும்மா வரலாம்: டிட் நாட் கோ. கேள்வியிலும் அதேதான்.

ஹி, ஷி, இட் வந்தால் எஸ் போடத் தெரியும். ஆனாலும் பிழை திருத்துகிற கேள்வியில் மாட்டிக்கொள்கிறேன்.

ஏனென்றால் எழுவாயும் வினையும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதில்லை. பத்தாவது ஸ்டேட் போர்டு தாளில் ஐந்து வாக்கியம் கொடுத்துப் பிழையைத் திருத்தச் சொல்வார்கள், ஒன்றுக்கு ஒரு மார்க். அதில் இந்த மாதிரி ஒன்று வந்து உட்காரும்: ‘தி பாக்ஸ் ஆஃப் மாங்கோஸ் ஆர் ஹெவி.’ கண் ‘மாங்கோஸ்’ மேல் இருக்கும், பக்கத்தில் ‘ஆர்’ பொருத்தமாகத் தெரியும். மனசுக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘மாம்பழப் பெட்டி கனமாக இருக்கிறது.’ தமிழில் தலைச்சொல் கடைசியில்தான் வரும், பெட்டி தானாக வினைப் பக்கம் வந்து நின்றுவிடுகிறது பாருங்கள். கனப்பது பெட்டி, ஒரு பெட்டி, அப்போ ‘இஸ்’. தமிழில் யோசிக்காதே, ஆங்கிலத்திலேயே யோசி என்று சொல்கிற ஆட்களோடு எனக்கு உடன்பாடு இல்லை, இது ஒரு காரணம்.

அப்படியானால் தமிழ் எப்போதும் கைகொடுக்குமா?

கொடுக்காது. காலை வாரும் இடங்களும் உண்டு. ‘நேத்து மதுரை போயிருந்தேன்’ என்பது தமிழில் சாதாரணப் பேச்சு. அதை அப்படியே ‘எஸ்டர்டே ஐ ஹேட் கான் டு மதுரை’ என்று எழுதினால் தப்பு, ‘வென்ட்’ போதும். ‘ஹேட்’ வர வேண்டுமென்றால் நடந்து முடிந்த விஷயம் இரண்டு இருக்க வேண்டும், அதில் முந்தியதற்குத்தான் அது. நான் ஸ்டேஷனுக்குப் போனேன், ரயில் அதற்கு முன்னாடியே கிளம்பிவிட்டது: ‘வென் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன், தி ட்ரெயின் ஹேட் லெஃப்ட்.’ ஆபீஸ் மெயிலில்கூட வரிக்கு வரி ‘ஹேட்’ போடுகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர், நானும் ஒரு காலத்தில் போட்டவள்தான்.

‘ஐ ஆம் ஹாவிங் டூ பிரதர்ஸ்’ இன்னொன்று. அண்ணன் தம்பி இருப்பது நடந்துகொண்டிருக்கிற வேலை கிடையாது. ‘ஐ ஹாவ்’.

ரிப்போர்ட்டட் ஸ்பீச்சில் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்களே, எதற்கு?

‘நான் வருகிறேன் என்று சொன்னான்’ என்பது நேர்க்கூற்று. ‘தான் வருவதாகச் சொன்னான்’ என்பது அயற்கூற்று. ‘நான்’ ‘தான்’ ஆகிவிட்டது, ‘வருகிறேன்’ ‘வருவதாக’ ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் ‘ஐ’ ‘ஹி’ ஆவதும், ‘ஆம்’ ‘வாஸ்’ ஆவதும் இதே கதைதான்.

நோக்கத்தோடு இதற்கு என்ன சம்பந்தம் என்று கேட்டால், பேப்பரை எடுங்கள். ‘பணம் வாங்கியதாகப் புகார் எழுந்துள்ளது’ என்று போடுவார்கள். ‘வாங்கினார்’ என்று போடமாட்டார்கள். அந்த ‘ஆக’ இருக்கிறதே, அது நிருபருக்குக் குடை மாதிரி. சொன்னது நான் கிடையாது, அவர் சொன்னார், நான் எடுத்துச் சொல்கிறேன் என்கிறது. ஆங்கிலப் பத்திரிகையில் ‘அலெஜ்ட்லி’ அதே குடைதான். காம்ப்ரிஹென்ஷனில் (பத்தியைப் படித்துப் பதில் எழுதுகிற பகுதியில்) ‘சம் சே’, ‘இட் இஸ் பிலீவ்ட்’ என்றெல்லாம் வந்தால் நின்று கவனியுங்கள், எழுதினவர் கொஞ்சம் தள்ளி நின்று பேசுகிறார்.

பொதுத்தேர்வில் இப்படியெல்லாம் கேட்பார்களா?

ஸ்டேட் போர்டில் ‘வாட் இஸ் தி ஆத்தர்ஸ் பர்ப்பஸ்’ என்று நேராகக் கேட்பது குறைவு. பத்தாவதில் 100 மார்க், 35 எடுத்தால் பாஸ், முதல் 14 கேள்வி ஒரு மார்க். பிளஸ் டூவில் எழுத்துத்தேர்வு 90, அகமதிப்பீடு 10. இதில் பாடம் பற்றிய பத்தி விடையிலும் காம்ப்ரிஹென்ஷனிலும்தான் நோக்கம் மறைமுகமாக வரும். நேரடியாகக் கேட்பது வெளிநாட்டுப் படிப்புக்கு எழுதுகிற சாட் தேர்வு. இப்போதைய கணினி வடிவத்தில் 64 நிமிஷத்தில் 54 கேள்வி, வாசிப்பும் கிராமரும் ஒரே பகுதியில் கலந்து வரும். இரண்டையும் ஏன் தனித்தனி நோட்டில் வைக்காதீர்கள் என்றேன், புரிகிறதா?

மஸ்ட், ஷுட், மே எல்லாம் எதற்கு இத்தனை?

அழுத்தத்தின் அளவு. ‘யூ மஸ்ட்’ சட்டம், ‘யூ ஷுட்’ அறிவுரை, ‘யூ மே’ அனுமதி. கட்டுரையின் கடைசிப் பத்தியில் ‘மஸ்ட்’, ‘ஷுட்’ குவிந்து கிடந்தால் அது இணங்க வைக்கிற எழுத்து. விளம்பரத்தில் ‘மே’, ‘கேன்’ வந்தால் வாக்குறுதி எதுவும் கொடுக்கவில்லை என்று பொருள். முகப்பரு போய்விடும் என்று அவர்கள் சொல்லவில்லை, போகலாம் என்றார்கள்.

எங்களுக்கு ஆங்கிலம் தெரியாது. வீட்டில் பிள்ளைக்கு எப்படி உதவுவது?

பெற்றோர் அதிகம் கேட்கிற கேள்வி இது, கேட்கும்போது குரல் வேறு இறங்கிவிடும். ஆங்கிலம் வேண்டாம். வீட்டுக்கு வருகிற நோட்டீஸ், பேப்பர் விளம்பரம், வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்தி எதுவானாலும் பரவாயில்லை, ‘யார் எழுதினாங்க, நம்ம என்ன செய்யணும்னு எழுதினாங்க, எதைச் சொல்லாம விட்டாங்க’ என்று தமிழிலேயே கேளுங்கள்.

என்னிடம் படிக்கிற ஒரு பெண்ணின் அம்மா பூக்கட்டி விற்கிறவர், மூன்றாவதோடு பள்ளியை விட்டவர். கடன் தருகிற ஒரு நிறுவனத்தின் நோட்டீசை மகள் வீட்டில் உரக்கப் படித்திருக்கிறாள்: ‘வட்டி 2 சதவீதம் மட்டுமே.’ அந்த ‘மட்டுமே’வைப் பார்த்து, இது பெர்சுவேட் என்று நான் சொல்லித்தந்தபடி சரியாகப் பிடித்துவிட்டாள். பூவைக் கட்டிக்கொண்டே அம்மா நிமிர்ந்து பார்த்து, “மாசத்துக்கா வருஷத்துக்கா, அதைப் படிடி” என்றாராம். நோட்டீசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் அது எங்கேயும் இல்லையாம்.